பல மின்னஞ்சல் கணக்கு உள்ளவர்களுக்கு

மின்னஞ்சல் பார்க்க பிரவுசரில் கணக்குக்கு ஒரு டேப் திறந்தால் போதும், தனி மென்பொருள் தேவையில்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஒரே கணக்கு உள்ளவருக்குச் சரி. நானோ மும்பை மாதுங்காவில் வரவு செலவுக் கணக்கு எழுதும் தொழில் செய்கிறேன். சொந்த ஜிமெயில், அலுவலக முகவரி, வாடிக்கையாளர்கள் எங்களிடம் ஒப்படைத்த முகவரிகள் என்று ஜிஎஸ்டி வரி தாக்கல் நாட்களில் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கண் வைக்க வேண்டும். டேப் மாற்றி மாற்றி அதைச் செய்ய முடியாது.

நான் நம்புவது மொசில்லாவின் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளை. 2004இல் முதல் பதிப்பு வந்தது, இன்றும் இலவசம். எல்லா இன்பாக்ஸையும் ஒன்றாகக் காட்டும். பதில் எழுதினால், மடல் எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே போகும். ஆனால் அந்தப் பொது இன்பாக்ஸில் இருந்தபடி புது மடல் தொடங்கினால், முதன்மைக் கணக்குதான் அனுப்புநராக வரும். அனுப்புமுன் மேலே அனுப்புநர் வரியை ஒருமுறை பாருங்கள். ஒருவருடைய வரி விவரம் இன்னொருவர் முகவரியிலிருந்து போய்விடக் கூடாது, எங்கள் தொழிலில் அது பெரிய விஷயம்.

கட்டுரை சொல்லாத ஒன்று: மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான புதிய அவுட்லுக்கில் ஜிமெயில், யாஹூ போன்ற கணக்குகளைச் சேர்த்தால் மடல்களின் நகல் மைக்ரோசாஃப்ட் சர்வருக்கும் போகிறது. பிறர் கடிதங்களைக் கையாளுபவர்கள் இதை யோசித்தே தேர்வு செய்யுங்கள்.

அப்புறம், கணக்கைச் சேர்க்கும்போது மடல்களை எடுக்கும் இரண்டு முறைகளில் பாப் (POP) வேண்டாம், ஐமேப் (IMAP) போடுங்கள். படித்தது, நீக்கியது எல்லாம் போனிலும் கணினியிலும் ஒன்றாகவே இருக்கும்.