எந்த மீனுக்கு ஏணி வைக்கிறீர்கள்?

அணையால் மீன் வரத்து நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "மீன் ஏணி வைத்துவிடலாமே." எந்த மீனுக்கு என்று கேட்டால்தான் பதில் இருக்காது.

அந்த ஏணி சால்மனுக்குப் பொருந்தியது. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 1938-ல் திறந்த பானவில் அணையில் படிப்படியாகத் தொட்டிகள் கட்டி, மேலிருந்து தண்ணீரை வழியவிட்டார்கள். சால்மன் எகிறும் மீன், ஏறிவிட்டது. நம்ம உல்லம், அதாவது வங்காளிகள் உயிரை விடும் இலிஷ், அப்படி எகிறுகிற மீன் இல்லை. கடலில் வளர்ந்து, முட்டையிடக் கூட்டம் கூட்டமாக ஆற்றில் ஏறிவரும். ஒரு காலத்தில் கங்கையில் அலகாபாத்தையும் தாண்டிப் போனது. 1975-ல் மேற்கு வங்கத்தில் கங்கையின் குறுக்கே ஃபராக்கா தடுப்பணை வந்தது. 109 மதகுகள். அதற்கு மேலே உல்லம் பிடித்துப் பிழைத்தவர்களின் தொழில் படுத்துவிட்டது. இத்தனைக்கும் மீனுக்கென்று அங்கே தனி லாக்குகள், அதாவது மீனை உள்ளே விட்டு நீர்மட்டத்தை உயர்த்தி மேலே அனுப்பும் கதவுள்ள அறைகள், இருந்தன! கட்டிவிட்டால் கணக்கு முடிந்தது என்பதுதான் நம் பழக்கம்.

காவிரியிலும் இதே கதைதான். மேட்டூர் அணை 1934-ல் வந்தது. வெள்ளம் அடங்கியது, கீழே உல்லமும் குறைந்தது. சென்னை மாகாண மீன்வளத் துறையின் சுந்தரராஜ், இந்தியா மேட்டூரிடம் கற்க வேண்டியதை 1941-லேயே எழுதிவிட்டார். யார் படித்தார்கள்?

உல்லத்தின் உறவுக்கார மீனான ஷாடுக்கு மாசசூசெட்ஸின் ஹோலியோக் அணையில் 1955-லேயே வேறு வழி செய்தார்கள். லிஃப்ட்! அணையின் காலடியில் ஒரு நீரோட்டத்தை விடுகிறார்கள். அதை எதிர்த்து நீந்திப் பழகிய மீன், தானே தொட்டிக்குள் வந்துவிடுகிறது. கதவை மூடி, தண்ணீரோடு அப்படியே மேலே தூக்கிக் கொட்டிவிடுகிறார்கள். மீன் எகிற வேண்டிய வேலையே இல்லை. நல்ல ஆண்டில் லட்சக்கணக்கான ஷாடு இப்படி மேலே போகின்றன.

இதை ஃபராக்காவில் சோதித்துப் பார்க்கலாம். சும்மா ஒரு இரும்புத் தொட்டி செய்து மாட்டினால் ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். உல்லம் ஏறுவது மழைக்காலத்தில், அப்புறம் ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொரு முறை. அந்த மாதங்களில் அதை இயக்க ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும், எத்தனை மீன் ஏறியது என்ற கணக்கு வேண்டும். முட்டையிட்ட மீனும் குஞ்சும் கடலுக்குத் திரும்பவும் வழி வேண்டும். இதற்கான பணத்தை அணையின் ஆண்டுப் பராமரிப்புச் செலவிலேயே எழுதி வையுங்கள்.