சுலபமான வழி சொல்லுங்க என்று கேட்டது ஒரு குற்றமா?

நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது இன்னும் எனக்கு ஆறவில்லை. கூட வேலை பார்க்கும் தம்பி அடுப்பைத் தொட ஆரம்பித்தே இரண்டு மாதம்தான் ஆகிறது. நாலு மணி நேரம் கொதிக்கவிட்டுச் செய்யும் ஓர் இறைச்சிக் குழம்பைப் பற்றி, "இதைக் கொஞ்சம் சுலபமா செய்ய முடியுமாக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த பெரியவர் முந்திக்கொண்டார். "அதுக்குப் பேசாம கடையில வாங்கிச் சாப்பிடலாமே. அசலைக் கெடுக்காதப்பா." எல்லோரும் சிரித்தார்கள். அவன் பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடிவிட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் சமைக்கத்தானே வழி கேட்டான்?

அசல் பேசும் அவர் வீட்டில் விறகடுப்பா எரிகிறது? மிக்ஸி இருக்கிறது, பாக்கெட் மசாலா இருக்கிறது, குக்கர் இருக்கிறது. அந்தக் குக்கரே சுருக்குவழிதானே! எலும்பும் மெத்தென்று வேகும்படி ஆவியை அடைத்துவைக்கும் பாத்திரத்தை டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1679-லேயே செய்து காட்டிவிட்டார். தக்காளியும் மிளகாயும் 1492-க்குப் பிறகுதான் அமெரிக்கக் கண்டத்தைத் தாண்டி மற்ற நாட்டு அடுப்படிகளுக்கு வந்தன. அவற்றை முதன்முதலில் சட்டியில் போட்டவரையும் இப்படித்தான் யாராவது விரட்டியிருப்பார்கள்.

அப்புறம் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. குக்கருக்குள் அழுத்தத்தால் 120 டிகிரி வரை ஏறும். கெட்டியான இறைச்சி அதில் சீக்கிரம் இளகிவிடும், நாலு மணி நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைக்கலாம். ஆனால் இறைச்சியை முதலில் சிவக்க வறுப்பதை மட்டும் விட்டுவிடாதே. அந்த நிறமும் வாசனையும் ஈரம் வற்றி, 140 டிகிரி அளவுக்குச் சூடு ஏறினால்தான் சரியாக வரும். வெங்காயத்தையும் அவசரப்படுத்தாதே. ஐந்து நிமிடத்தில் நன்றாகச் சிவந்துவிடும் என்று சமையல் குறிப்பில் எழுதியிருந்தால் நம்பாதே, மிதமான தீயில் அரை மணி நேரமாவது பிடிக்கும். கடைசியில் மூடியைத் திறந்து கொஞ்சம் வற்றவிடு. சுவை துளி மாறும்தான், அதையும் மறைக்காமல் சொன்னேன்.

இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்க மனம் வராதவர்களுக்கு, ஒருவனை அவமானப்படுத்த மட்டும் எப்படி நேரம் கிடைக்கிறது? 23 வயதில் நானும் இப்படிக் கேட்டு, "இதுகூடத் தெரியாதா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்று வருடம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எத்தனை முறை அடிப்பிடித்த பாத்திரத்தைத் தனியாக நின்று தேய்த்திருப்பேன் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்துவிட்டு, திங்கட்கிழமை கொண்டுவருகிறேன் என்றிருக்கிறான். அவன் டப்பாவைத் திறக்கும்போது அந்தப் பெரியவர் 'அசல்' என்று ஒரு வார்த்தை எடுக்கட்டும், அன்றைக்கும் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டேன்.