எரிக்கிறதுக்கு எழுதினவர்கள் இதையும் எழுதட்டும்

2020 ஏப்ரலில் வந்த இலங்கை அரசின் வர்த்தமானியை இப்பவும் எடுத்து வாசிக்கலாம். கொரோனாவால் இறந்தவரை 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், குறைந்தது முக்கால் மணித்தியாலம் எரிக்க வேண்டும் என்று இருக்கிறது. அதனால் முஸ்லிம் சனம் பட்ட பாடு தனிக்கதை. 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய விட்டார்கள். உடலுக்கு இவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்த சுகாதார அமைச்சு, அந்த ஆள் சாவதற்கு முந்தின இரவைப் பற்றியும் இப்படி எழுத வேண்டாமா?

கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்த என் பெரியம்மா எண்பதைத் தாண்டியவர், இருதய வருத்தமும் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிப் பயனில்லை என்று வைத்தியர்கள் முடிவெடுத்ததில் எனக்குக் குறை இல்லை. “இனி ஒன்றும் செய்ய ஏலாது” என்று அதோடு விட்டதுதான் பிழை. மூச்சு முட்டி, ஒட்சிசன் மாஸ்க்கைத் திரும்பத் திரும்ப இழுத்து எறிந்தாராம். ஒரு தாதி மட்டும் தன் போனைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு போய் வீடியோ கோலில் காட்டினார். அது அந்தப் பிள்ளையின் நல்ல மனம், சுற்றறிக்கையில் இருந்த வேலை இல்லை.

நோய் மாறினாலும் மாறாவிட்டாலும் அவதியைக் குறைக்கிற தணிப்புப் பராமரிப்பு என்று செய்ய எவ்வளவோ இருந்தது. சிறிய அளவு மோர்பின் மூச்சுத் திணறலின் அந்தரத்தைக் குறைக்கும். பதகளிப்புக்கும் மருந்து உண்டு. இரண்டும் பெரிய விலையும் இல்லை. மோர்பின் என்றதும் ‘ஆளை முடிக்கிற ஊசி’ என்று எங்கட சனம் பயப்படும். அளவோடு கொடுத்தால் அப்படி இல்லை. ஒட்சிசனை நிறுத்தவும் தேவையில்லை, இரண்டும் சேர்ந்தே போகலாம். பிழைத்து வீட்டுக்கு வரப்போகிறவருக்கும் மூச்சு முட்டினால் முட்டினதுதானே.

கட்டில் இல்லாத நேரத்தில் இதெல்லாம் ஆடம்பரம் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு நேர் எதிராகப் படுகிறது. வென்ரிலேற்றர் கிடைக்காத ஆளுக்குக் கொடுக்க மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனம் அனர்த்த காலத்துத் தணிப்புப் பராமரிப்புக்கென்று 2018 இலேயே வழிகாட்டி வெளியிட்டது, கொரோனா வர முதலே.

அடுத்த தொற்றுக்கான தேசிய வழிகாட்டலில் இதைப் பின்னிணைப்பாக ஒட்டாமல், ஒட்சிசன் அளவு எழுதுகிற அதே பக்கத்தில் எழுதட்டும்: எந்த மருந்து, எவ்வளவு, நடுச்சாமத்தில் தாதி யாரைக் கேட்பது, வீட்டாரோடு கதைக்க விடுவது யார் பொறுப்பு. அப்புறம் ஊரடங்கு. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மருந்தெடுக்கிற புற்றுநோயாளி நெடுந்தீவில் இருந்தால், குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் அந்தக் குளிசையை யார் கொண்டுபோவது? அதற்கும் ஒரு வரி வேண்டும்.