ரெண்டு கையும் வேணும்

வேலை செய்பவர் கேமராவும் திரையும் உள்ள கண்ணாடி போட்டுக்கொண்டால் நிபுணர் வேறு ஊரிலிருந்தே பார்த்து வழிகாட்டலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு இது ரொம்பத் தேவை. எங்கள் ஊர் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம். போன மாதம் படகு எஞ்சினில் ஏர் லாக், அதாவது டீசல் வரும் வழியில் காற்று அடைத்துக்கொண்டது, மெக்கானிக் அண்ணன் தொண்டியில் இருந்தார், அவர் வீடியோ காலில் சொல்லச் சொல்ல என் தம்பி ஒரு கையில் செல்போனும் மறு கையில் ஸ்பானருமாகக் குனிந்து கிடந்தான். ஃபில்டர் மேல் இருக்கும் ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்தி, நுரை நின்று டீசல் சுத்தமாக வரும்வரை பம்பை அடிக்கணும், அதற்கே ரெண்டு கை வேணும். "அது இல்லப்பா, அதுக்குப் பக்கத்துல" என்று அண்ணன் கத்துகிறார், எந்தப் பக்கம் என்று இவனுக்குப் புரியவில்லை, கடைசியில் வேறு நட்டைத் திருப்பி அடித்தளம் முழுக்க டீசல்.

மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2 மாதிரி கண்ணாடி இருந்தால் அண்ணன் தன் திரையில் அந்த ஸ்க்ரூவைச் சுற்றி வட்டம் போட்டால் போதும், அது தம்பியின் கண்ணாடியில் தெரியும், அவன் தலையைத் திருப்பினாலும் வட்டம் ஸ்க்ரூ மேலேயே நிற்கும். ஆனால் 2019இல் அதன் விலை 3,500 டாலர், 2024இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். மேல்தளத்து வெயிலில் அந்த வட்டம் மங்கிவிடும், சரி, எஞ்சின் அறை இருட்டுதானே. நடுக்கடலில் சிக்னல் இல்லை, அதனால் கரையில் கட்டியிருக்கும்போது பயன்பட்டாலே பெரிய உதவி. பாம்பன், மண்டபம் மீனவர் சங்கங்களில் இந்த மாதிரி கண்ணாடி ஆளுக்கொன்று வேண்டாம், படகுத்துறைக்கு ஒன்று வாடகைக்கு வைக்கட்டும்.