தன்மைக்காட்டி குறை எண்ணானால் அசமன்பாட்டுக்கும் தீர்வு இல்லையா?

மதுரைப் பகுதி பதினோராம் வகுப்பு மாணவர்களுக்காக பகிரப்பட்டுள்ள ஒரு குறிப்பில், தன்மைக்காட்டி (ax² + bx + c என்னும் கோவைக்கு b² − 4ac) குறை எண்ணாக இருந்தால் இருபடிச் சமன்பாட்டைப் போலவே இருபடி அசமன்பாட்டுக்கும் (கோவை பூச்சியத்தைவிடப் பெரியது அல்லது சிறியது என்பதற்கும்) மெய்யெண் தீர்வு இருக்காது என்று கூறப்பட்டுள்ளது. சமன்பாட்டைப் பொறுத்தவரை அது சரி. அசமன்பாட்டுக்கு அவ்விதி பொருந்தாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எக்ஸ்² + 2எக்ஸ் + 5 என்னும் கோவையின் தன்மைக்காட்டி 4 − 20, அதாவது −16. அதை (எக்ஸ் + 1)² + 4 என்று எழுதிப் பார்த்தால், வர்க்கம் ஒருபோதும் குறை எண்ணாகாது என்பதால், கோவையின் மதிப்பு 4க்குக் கீழே இறங்காது என்பது தெளிவாகும். ஆகவே அது பூச்சியத்தைவிடப் பெரியது என்ற அசமன்பாட்டுக்கு எல்லா மெய்யெண்களும் தீர்வுகளே. பூச்சியத்தைவிடச் சிறியது என்று கேட்டால்தான் தீர்வு இல்லை. எக்ஸ்²-இன் கெழு குறை எண்ணாக இருந்தால் இவ்விரண்டு விடைகளும் இடம் மாறும்.

இதைச் சரிபார்க்க என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் எட்டு மதிப்பெண் வினாவுக்காகப் பழகிய அதே வரைபடத்தாளில், −4 முதல் 2 வரையுள்ள முழுக்களைப் பிரதியிட்டால் 13, 8, 5, 4, 5, 8, 13 என மதிப்புகள் கிடைக்கும். அப்புள்ளிகளை இணைக்கும் பரவளையம் கிடை அச்சைத் தொடாமல் முழுவதும் அதற்கு மேலேயே நிற்பதைக் காணலாம். குறிப்பைத் தயாரித்தவர் அந்த ஒரு வரியை மட்டும் திருத்தினால் போதும். மற்றக் கணக்குகள் பிழையின்றி உள்ளன.