பூசுவது முகத்தில், தங்குவது சிறுநீரகத்தில்

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் டவுனுக்குப் போகிற தங்கச்சிமார் இதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். வெள்ளையாக்கும் கிரீம் டப்பாவில் 'கலோமெல்', 'மெர்குரிக்' என்று எங்காவது பொடி எழுத்தில் இருந்தால் அது பாதரசம். 'தங்கம், வெள்ளி, அலுமினியத்தில் படக்கூடாது' என்று போட்டிருந்தாலும் வாங்காதீர்கள். பாதரசம் தங்கத்தோடு கலந்துவிடும், அதற்குத்தான் அந்த எச்சரிக்கை. வெளிச்சம் பட்டுக் கிரீம் சாம்பல் நிறமாவதும் ஓர் அடையாளம். ஒன்றுமே எழுதாத டப்பாவை அதைவிடக் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும்.

முகம் வெளுப்பது உண்மைதான். தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் நொதியைப் பாதரசம் முடக்குகிறது. பூசுவதை விட்டால் பழைய நிறம் வந்துவிடும். ஆனால் தோல் வழியே இரத்தத்தில் இறங்கிய பாதரசம் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு, பெரும்பகுதி சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய்க் குந்திவிடும். அதைக் கட்டிவைக்க மெட்டலோதயோனின் என்ற புரதத்தைச் சிறுநீரகமே கூடுதலாகச் செய்கிறது. பாதி வெளியேறவே ஏறத்தாழ 2 மாதம் பிடிக்கும். இன்று விட்டால் 4 மாதத்தில் கால்வாசியும் 8 மாதத்தில் 16இல் ஒரு பங்கும் மிஞ்சியிருக்கும். தினமும் பூசுகிறவருக்கு இது இறங்குவதே இல்லை.

சிலருக்குச் சிறுநீரக வடிகட்டி பழுதாகிப் புரதம் ஒழுகத் தொடங்கும். காலையில் கண் இமை வீங்கும், பின்னேரம் கால் வீங்கும், சிறுநீர் நுரைக்கும். மலையில் நாள் முழுக்க நின்று கொழுந்து எடுக்கிற பிள்ளைக்குக் கால் வீங்கினால் 'நின்ற அசதி' என்று விட்டுவிடுகிறோமே, அதுதான் என் மனதை அறுக்கிறது. டிஸ்பென்சரியில் சிறுநீரில் புரதம் பார்க்கக் கேளுங்கள். சோதனைப் பட்டியைச் சிறுநீரில் நனைத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. கிரீம் டப்பாவையும் கூடவே கொண்டுபோங்கள்.

பாதரசத்தை அளப்பதானால் கிரீம் விஷயத்தில் சிறுநீரில்தான் அளக்க வேண்டும். முடிப் பரிசோதனை மீனில் வரும் மெத்தில் பாதரசத்துக்குப் பொருந்தும். அது வேறு சாதி. குடலில் 95% உறிஞ்சப்பட்டு, சிவப்பணுவில் ஏறி, மூளைக்கும் கருவுக்கும் போகும். சுறாக் கருவாட்டில் அதிகம், நெத்தலியில் குறைவு. பிள்ளைத்தாய்ச்சிகள் நெத்தலியைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

குளிருக்குக் கதவடைத்த லயக் காம்பராவில் ஒருவர் பூசினால் தலையணை, துவாய், மடியில் தூங்கும் பிள்ளையின் கன்னம் வரை பாதரசம் ஏறும். பூசாத பிள்ளையையும் சோதிக்க வேண்டியது இதனால்தான்.

மிச்சக் கிரீமைத் தயவுசெய்து அடுப்பில் போடாதீர்கள். சூட்டில் ஆவியாகும் பாதரசத்தை மூச்சில் இழுத்தால் 80% உடம்பில் சேரும். கொழுப்பில் கரையும் அந்த ஆவி மூளைக்குள் நுழைந்து, அங்கே உருமாறி, திரும்பி வர வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். டப்பாவை இறுக மூடி, பொலித்தீன் பையில் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். தலையணை உறையையும் துவாயையும் மாற்றிவிடுங்கள்.