குங்குமம் தானாக விழுவதில்லை

போன ஞாயிற்றுக்கிழமை மாலை என் அக்கா மகள் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "சித்தி, இதைப் பாருங்க, எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அழுகை வருது" என்றாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் அவள். 'இஸ் பியார் கோ கியா நாம் தூன்' என்ற இந்தித் தொடரிலிருந்து யாரோ வெட்டி எடுத்துப் பாட்டோடு ஒட்டிய மூன்று நிமிடக் காட்சி அது. இரவு நேரம், ஒரு கோயில். நாயகன் அர்ணவ், நாயகி குஷியின் நெற்றி வகிட்டில் குங்குமம் இடுகிறான். பின்னணியில் 'ரப்பா வே' பாட்டு உருகி ஓடுகிறது. "இவங்க ரெண்டு பேரும் சேரணும்ங்கிறது விதி சித்தி, அதை யாராலயும் மாத்த முடியாது" என்று அவள் முடித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

தொடரைத் தெரியாமல் நான் பேசவில்லை. 2011 ஜூன் மாதம் ஸ்டார் பிளஸில் அது தொடங்கிய நாட்களிலேயே இந்தியில் பார்த்தவள் நான். பிறகு விஜய் தொலைக்காட்சியில் 'இது காதலா' என்ற பெயரில் தமிழ் பேசி வந்தபோது, அம்மாவோடு உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். அர்ணவாகப் பருண் சோப்தியும் குஷியாகச் சனாயா இரானியும் எதிரெதிரே நிற்கும்போது அந்தப் பார்வைகளில் இருந்த உயிர்ப்பை நான் மறுக்க மாட்டேன். லக்னோவில் மிட்டாய்க் கடைக்காரர் வீட்டில் வளர்ந்து, எதற்கெடுத்தாலும் தேவி மையா என்று அம்மனிடம் முறையிடும் பெண் ஒருத்தி. டெல்லியில் ஆடை வடிவமைப்பு நிறுவனம் நடத்தும், கடவுளை நம்பாத, தாயை இழந்த காயம் ஆறாத ஆண் ஒருவன். இந்த இருவரையும் வைத்து எவ்வளவோ நேர்மையான கதை சொல்லியிருக்கலாம். பிடித்த தொடர் என்பதால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் வயிறு எரிகிறது.

அந்தக் கோயில் காட்சிக்கு முன்னால் என்ன நடந்தது என்பதை மூன்று நிமிடத் துண்டு காட்டாது. தன் காதலைச் சொல்லிவிடும் எண்ணத்தோடு வரும் அர்ணவ், தன் அக்காள் அஞ்சலியின் கணவனான ஷியாம், மொட்டைமாடியில் குஷியைத் தழுவி நிற்பதைப் பார்க்கிறான். அந்த ஷியாம் யார்? மணமானவன் என்பதையே மறைத்து, குஷியின் வீட்டில் வாடகைக்குத் தங்கி, நிச்சயதார்த்தம் வரை அவளைக் கொண்டுவந்து ஏமாற்றிய கயவன். அஞ்சலியின் வாழ்வு உடைந்துவிடக் கூடாதே என்று வாயைக் கட்டிக்கொண்டு தவிப்பவள் குஷி. இதில் எதுவும் தெரியாத அர்ணவ், "இது என்ன?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் கதை அன்று இரவே தெளிந்திருக்கும். அவன் கேட்கவில்லை. குஷியின் அக்கா பாயலுக்கும் தன் மாமா மகன் ஆகாஷுக்கும் அன்று நடக்கவிருந்த திருமணத்தைப் பிடியாக வைத்து, ஆறு மாதத்துக்கு நீ என்னை மணந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் உன் அக்காவின் கல்யாணம் நின்றுவிடும் என்று மிரட்டுகிறான். அப்படித்தான் அவள் அந்தக் கோயிலுக்கு வந்து சேருகிறாள். அந்த இரவில் விதி எங்கே இருந்தது? ஒரு மனிதன் எடுத்த முடிவு இருந்தது, இன்னொரு மனிதப் பிறவியின் கழுத்தைப் பிடிப்பது போன்ற ஒரு மிரட்டல் இருந்தது, கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருந்தது. இவை மூன்றையும் ஒரு பாட்டுக்கு அடியில் போட்டுப் புதைத்துவிட்டு, மேலே ஒரு சிட்டிகை குங்குமத்தைத் தூவி, அதற்கு விதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

விதியின் பெயரால் ஆணின் குற்றத்தைக் கழுவும் வேலையைத் தொலைக்காட்சி கண்டுபிடிக்கவில்லை. அது பழைய வழக்கம்தான். மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் வரும் சகுந்தலையின் கதையில் மோதிரமும் இல்லை, சாபமும் இல்லை. அவளை மணந்த அரசன் துஷ்யந்தனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. நினைவிருந்தும் சபையில் அவளைத் தெரியாது என்கிறான். அவளும் அழுது ஒதுங்கிப் போகவில்லை. அரசனின் முகத்துக்கு நேரே நின்று, சத்தியம் என்றால் என்ன, மனைவி என்றால் யார், மகன் என்றால் யார் என்று வாதாடுகிறாள். பல நூற்றாண்டுகள் கழித்துக் காளிதாசன் அதே கதையை நாடகமாக்கியபோதுதான் துர்வாசரின் சாபம் உள்ளே வருகிறது, மோதிரம் வருகிறது, அது நீரில் நழுவுகிறது, மீன் வயிற்றிலிருந்து மீள்கிறது. கவிதை என்ற வகையில் அதன் அழகை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்: பொய் சொன்ன அரசன் மறந்துபோன அரசன் ஆகிவிட்டான், தட்டிக் கேட்ட பெண் காத்திருக்கும் பெண் ஆகிவிட்டாள். ஒரு மோதிரம் அத்தனை பெரிய குற்றத்தைத் தன் மேல் ஏற்றிக்கொண்டது. காளிதாசனிடம் மோதிரம் செய்த அதே வேலையை, அவனுடைய கவித்துவத்தில் ஒரு துளியும் இல்லாமல், இந்தித் தொடர்களில் நாள்தோறும் குங்குமச் சிமிழ் செய்துகொண்டிருக்கிறது.

எத்தனை தொடர்களில் எத்தனை முறை பார்த்துவிட்டோம்! பூஜைத் தட்டை ஏந்திக்கொண்டு நாயகி வருவாள். எதிரே நாயகன் வருவான். கம்பளத்தின் ஓரம் யாராவது ஒருவர் காலை இடறும். தட்டு மேலே பறக்கும். குங்குமம் காற்றில் விரிந்து மிதந்து, கூடத்தில் வேறெங்கும் விழாமல், கணக்காக அவள் வகிட்டில் மட்டும் வந்து இறங்கும். அதே காட்சியை மூன்று கோணத்திலிருந்து மூன்று முறை காட்டுவார்கள். மாமியார் முகம், நாத்தனார் முகம், வேலைக்காரப் பெண்ணின் முகம் என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் இடி இடிக்கும். துப்பட்டா பறந்து போய் அவன் கைக்கடிகாரத்தில் மாட்டிக்கொள்ளும். கணவனுக்கு ஆபத்து என்றால் சாமி விளக்கு அணையும்; அது போதாது என்றால் மங்கலச் சங்கிலியின் கருமணிகள் அறுந்து தரையில் உருளும். வட இந்தியப் பெண்கள் கணவனுக்காக இருக்கும் கர்வா சவுத் நோன்பு நாளில், பட்டினி கிடந்த பெண் சல்லடை வழியே நிலவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் அந்த நொடியில், எங்கோ போய்க்கொண்டிருக்க வேண்டிய நாயகன் சரியாக அந்தச் சல்லடைக்கு எதிரே வந்து நின்றுகொண்டிருப்பான். அவளுக்கு யாரைப் பிடிக்கும், யாரோடு வாழ விருப்பம் என்று அந்த வீட்டில் உள்ள ஒருவரும் வாயைத் திறந்து கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் காற்றும் கம்பளமும் சல்லடையும் சேர்ந்து அவளுக்குக் கணவனைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடும். இதைப் பார்த்துவிட்டுப் பாட்டி ஒருத்தி கைகூப்பி, "எல்லாம் மேலே எழுதி வைத்தது" என்பாள்.

மேலே எழுதி வைத்தது யார் என்பதும் நமக்குத் தெரியும். தினமும் ஒளிபரப்பாகும் தொடரில் அரை மணி நேரம் என்றால், விளம்பரம் போக இருபது இருபத்திரண்டு நிமிடம் நிரப்ப வேண்டும். அதை வாரத்தில் ஐந்து நாள், ஆறு நாள் என்று நிரப்பிக்கொண்டே போக வேண்டும். காதலர்கள் இருவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் முடிச்சு அவிழ்ந்துவிடும். அவிழ்ந்தால் அடுத்த வாரத்துக்குக் கதை இல்லை. ஆகவே அவர்களைப் பேச விடாமல் தடுக்க வேண்டும். அதே நேரத்தில் இவர்கள் சேரத்தான் போகிறார்கள் என்ற நம்பிக்கையும் பார்ப்பவர் மனத்தில் அணைந்துவிடக் கூடாது. இந்த இரட்டை வேலைக்கு அகப்பட்ட மலிவான கருவிதான் சகுனம். பேச்சை எழுத உழைப்பு வேண்டும், மனத்தை எழுத இன்னும் அதிகம் வேண்டும். விளக்கை அணைக்க ஒருவர் வாயால் ஊதினால் போதும். 2012 நவம்பர் மாதக் கடைசியில் இந்தத் தொடர் முடிந்ததே, அதுகூட ஜாதகம் சொல்லி நடந்ததில்லை. நாயகன் தொடரிலிருந்து விலகினார், தயாரிப்பாளர்கள் கதையை முடித்தார்கள். ஏழு பிறவிக்கும் தொடரும் பந்தம் என்று நாம் கண்கலங்கிப் பார்த்தது ஒரு நடிகரின் தேதிகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

குறியீடே கூடாது என்று நான் சொல்லவில்லை, இந்தத் தொடரிலேயே அதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. குஷிக்கு மனம் கலங்கினால் ஜிலேபி சுடுவாள். மாவு எண்ணெயில் வளையம் வளையமாக இறங்கி, பொன்னிறமாகி, பாகில் முங்கி எழும் வரைக்கும் அவள் கைகள் நிற்காது. வாய் தன்னோடு தானே பேசிக்கொண்டிருக்கும். அர்ணவோ சர்க்கரை நோயாளி. அவள் கையால் செய்யும் இனிப்பு அவனுக்கு ஆகாது; ஆனால் அவன் வாழ்க்கையில் இல்லாததும் அந்த இனிப்புதான். இதை யாரும் இடி இடித்துச் சொல்லவில்லை, எதுவும் பறந்து வந்து எதன்மேலும் விழவில்லை. அவள் பழக்கத்திலிருந்தும் அவன் உடம்பிலிருந்தும் தானாக முளைத்த குறியீடு அது. இறந்துபோன பெற்றோர் நட்சத்திரமாகிவிட்டார்கள் என்று நம்பி அவள் வானத்தைப் பார்ப்பதும் அப்படித்தான். எட்டு வயதில் அநாதையான குழந்தையின் துக்கம் அதற்குள் இருக்கிறது. இவ்வளவு அழகாகச் சிந்திக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பெண்ணின் சம்மதத்தைப் பற்றி மட்டும் சிந்திக்க ஏன் நேரமில்லாமல் போயிற்று என்பதுதான் என் ஆற்றாமை.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. வட இந்தியத் திருமணத்தில் மணமகள் வகிட்டில் சிந்தூரம் என்ற அந்தக் குங்குமத்தை இடுவது விளையாட்டு இல்லை. அக்னியை வலம்வருவதும் ஏழடி எடுத்து வைப்பதும் ஒவ்வொரு அடியிலும் சொல்லும் உறுதிமொழியும் சேர்ந்து அதற்குப் பொருள் தருகின்றன. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சப்தபதி என்ற அந்த ஏழடி உள்ள சடங்குமுறையில் ஏழாவது அடி எடுத்து வைத்தபோதுதான் திருமணம் நிறைவுபெறுகிறது என்கிறது. தட்டிலிருந்து சிதறிய தூளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு, வற்புறுத்தியோ ஏமாற்றியோ சம்மதம் பெறப்பட்டிருந்தால், அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரி நீதிமன்றத்தை நாடலாம் என்கிறது. வற்புறுத்தல் நின்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். அக்காவின் கல்யாணத்தைக் காட்டி மிரட்டியது அந்தச் சொல்லுக்குள் அடங்குமா என்பதை நீதிபதி முடிவு செய்யட்டும். போய்க் கேட்பதற்கு ஒரு வாசல் இருக்கிறது என்பதையாவது ஒரு தோழி, ஓர் அத்தை, அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி அவளிடம் சொல்லியிருக்கலாமே! கதையில் அப்படி யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் சட்டம் உள்ளே வந்தால் விதி வெளியே போய்விடும். பின்னால் அவர்களுக்கு உற்றார் சூழ, முறைப்படி மறுபடியும் திருமணம் நடத்திக் காட்டினார்கள்; நானும் அன்று மகிழ்ந்துதான் பார்த்தேன். ஆனால் இரண்டாவது கல்யாணத்தின் சடங்குகள் எவ்வளவு நிறைவாக இருந்தாலும், முதல் கல்யாணத்தின் மிரட்டல் நடக்காததாக ஆகிவிடாது.

தொடர்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கொதிப்பு என்று என் அம்மாவே கேட்டார். அந்தக் காட்சியை இன்று பார்த்துக்கொண்டிருப்பது அன்று பிறந்து சில ஆண்டுகளே ஆன குழந்தைகள், அம்மா. முழுக் கதையும் அவர்களுக்குத் தெரியாது. பாட்டோடு ஒட்டிய துண்டுதான் தெரியும். ஒருவன் கையை இறுக்கிப் பிடிப்பது ஆசை, கத்துவது உரிமை, சந்தேகப்படுவது பாசம், கேட்காமலே முடிவெடுப்பது விதி என்று அந்தத் துண்டுகள் அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கின்றன. நாளைக்கு ஒருவன் எங்கள் வீட்டுப் பெண்ணின் வாசலில் வந்து நின்று, நீ எனக்கென்று எழுதப்பட்டவள் என்று சொன்னால், அதைக் கேட்டு அவள் பயப்பட வேண்டும், உருகிவிடக் கூடாது.

அன்று மாலை அவளிடம் நான் சண்டை போடவில்லை. கைப்பேசியை வாங்கி, அதே காட்சியை முதலிலிருந்து வைத்து, ஒலியை முழுவதுமாகக் குறைத்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன். 'ரப்பா வே' இல்லை, மணியோசை இல்லை, பெருமூச்சு இல்லை. அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பாதியில் நிறுத்தி, சற்றுப் பின்னால் தள்ளி, குஷியின் முகம் அருகே தெரியும் இடத்தை மறுபடியும் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "சித்தி, இவ அழுதுக்கிட்டே நிக்கிறா."